11 நாள் தமுக்கம் திருவிழா... மீதி நாள் என்ன? மதுரையில் புத்தகம் யாருக்கு?

மதுரை:

2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மதுரை தமுக்கத்தில் புத்தகத் திருவிழா தொடங்கியது. தொடங்கியதுமே தமிழ்நாடு முழுக்க அதே பேச்சு. காரணம் புத்தகம் அல்ல. மேடையில் கிராமியக் கலைஞர்கள் கருப்பசாமி பாட்டு பாட, கேட்டுக் கொண்டிருந்த மாணவிகள் சிலர் அருள் வந்து ஆடி விட்டனர். செல்போனில் எடுத்த வீடியோ நாலா பக்கமும் பறந்தது. "புத்தக விழாவில் சாமியாட்டமா?" என்று ஒரு தரப்பு கொதித்தது. "கிராமியக் கலைதானே, இதில் என்ன தப்பு?" என்று இன்னொரு தரப்பு மல்லுக்கு நின்றது.

இந்தச் சண்டையில் ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டு விட்டார்கள். அந்த விழாவில் எந்தப் புத்தகம் யார் கைக்குப் போனது? மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்குகிறவர், கொத்தனார், சித்தாள், பூக்கட்டும் பெண், ஷேர் ஆட்டோ டிரைவர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் இளம்பெண்... இவர்களில் யாராவது ஒரு புத்தகம் வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போனார்களா?

"அவங்கல்லாம் எங்க சார் படிக்கப் போறாங்க?" என்று சர்வ சாதாரணமாகச் சொல்லி விடுகிறார்கள். இது உண்மைதானா? கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

வெளியே கூட்டம்... உள்ளே?

மதுரையில் புத்தகக் கண்காட்சிக்குப் பஞ்சம் இல்லை. தென்னிந்திய புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமான பபாசி, சென்னையில் 1977-ல் தொடங்கிய கண்காட்சி இன்று தமிழகத்திலேயே பெரியது. அதைப் பார்த்து மதுரை, ஈரோடு, திருப்பூர், நெல்லை என்று ஊர் ஊராகப் பரவியது. 2022-ல் எல்லா மாவட்டத்திலும் புத்தகத் திருவிழா நடத்த அரசே முடிவெடுத்தது. கலெக்டர் முன்னால் நின்று நடத்துகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்சாக வந்து இறங்குகிறார்கள். 2024-ல் மதுரையில் 11 நாள் விழா நடந்தது.

மாலை ஆனதும் மேடை களை கட்டும். மதுரைக்காரர்களுக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர். சாலமன் பாப்பையாவும் ஞானசம்பந்தனும் வளர்ந்த ஊர் ஆயிற்றே! பேச்சு, பாட்டு, ஆட்டம் என்று களைகட்டும்போது நாற்காலி கிடைக்காது. பெரிய அப்பளம், மிளகாய் பஜ்ஜி கடையிலும் அதே கூட்டம்தான். இதில் தப்பு ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு வந்து சிரித்து விட்டுப் போவதும் ஒரு சந்தோஷம்.

ஆனால் பேச்சு முடிந்ததும் பாதிக் கூட்டம் அப்படியே பஸ் ஏறி விடுகிறது. புத்தக அரங்கு பக்கம் எட்டிப் பார்ப்பவர்களும் விலையைத் திருப்பிப் பார்த்து விட்டு, மெதுவாக வைத்து விட்டு நகர்கிறார்கள். இது மதுரையில் மட்டும் நடக்கிற கதை இல்லை. எந்த ஊர் கண்காட்சியிலும் பார்க்கலாம்.

விலைதான் முதல் பூட்டு

இன்று தமிழில் ஒரு நாவல் வாங்கினால் பக்கத்துக்கு ஒரு ரூபாய்க்கு மேலேதான் கணக்கு வருகிறது. 350 ரூபாய் புத்தகத்துக்கு கண்காட்சித் தள்ளுபடி 10 சதவீதம். அதாவது 315 ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு ஓட்டல் சாப்பாட்டுக் காசு. ஒரு நாள் கூலி 700 ரூபாய் வாங்குகிறவருக்கு கிட்டத்தட்ட பாதி நாள் உழைப்பு. வாரத்தில் ஏழு நாளும் வேலை கிடைக்கும் என்பதும் நிச்சயம் இல்லை. அரிசி, காஸ், பிள்ளைகள் பீஸ், வாரவட்டி எல்லாம் போக புத்தகத்துக்கு எங்கிருந்து வரும் 315 ரூபாய்?

இதற்கு ஈரோட்டுக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். அங்கே மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் புத்தகத் திருவிழா நடத்துகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்து, வருஷம் முழுக்கக் காசு சேர்க்கச் சொன்னார்கள். திருவிழா வந்ததும் அந்தக் காசில் பிள்ளை தன் இஷ்டத்துக்குப் புத்தகம் வாங்கும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் சீட்டு கட்டுகிற ஜனத்துக்கு இந்தக் கணக்கு புரியாதா என்ன? திடீரென்று ஒரு நாள் 300 ரூபாய் எடு என்றால் முடியாது. தினம் ஒரு ரூபாய் என்றால் முடியும்.

1901-லும் இதே கதை!

மதுரையில் புத்தகம் கிடைக்காத கதை புதிது இல்லை. நூற்றாண்டைத் தாண்டிய கதை. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் ஒரு முறை மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தார். மேற்கோள் பார்க்க கம்ப ராமாயணமும் திருக்குறளும் தேடினார். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரில் அந்த இரண்டும் அவர் கைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். மனம் நொந்து போன அவர் 1901 செப்டம்பர் 14-ந் தேதி நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார். கூடவே பாண்டியன் புத்தகசாலையும் உருவானது. சிம்மக்கல் பக்கம் தமிழ்ச் சங்கம் ரோடு என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான்.

ஜமீன்தாருக்கே கிடைக்காத புத்தகம் அன்று சாதாரண ஜனத்துக்கு எங்கே கிடைத்திருக்கும்? ஆனால் ஒரு வித்தியாசம். அவர் கையில் பணம் இருந்தது, சங்கம் வைத்தார். கூலிக்காரருக்கு அது முடியுமா?

"படிக்க மாட்டாங்க" என்பது பொய்!

உழைக்கிற ஜனம் படிக்காது என்று சொல்பவர்களுக்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது. 1942-ல் சி.பா. ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கியது இதே மதுரையில்தான். பண்டிதத் தமிழைத் தூக்கிப் போட்டு விட்டு, பேசுகிற மாதிரி எழுது, சின்னச் சின்ன வாக்கியமாக எழுது என்றார். என்ன நடந்தது? டீக்கடை பெஞ்சில் பேப்பர் வந்து உட்கார்ந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் சத்தமாகப் படிக்க, படிக்கத் தெரியாத நாலு பேர் சுற்றி நின்று கேட்டார்கள். பேப்பர் படித்தே எழுத்து கற்றுக் கொண்டவர்கள் ஏராளம்.

மீனாட்சி அம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிற புதுமண்டபமும் சாட்சி. திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் டெய்லர் கடை, பாத்திரக்கடைகளோடு புத்தகக் கடைகளும் வரிசையாக இருந்தன. பெரிய எழுத்துக் கதைப் புத்தகம், பஞ்சாங்கம், கோவில் வரலாறு, சமையல் புத்தகம், பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகம். சாமி கும்பிட வந்த கிராமத்து ஜனம் வளையல், குங்குமத்தோடு ஒரு புத்தகமும் வாங்கிப் போனது. மண்டபத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பதற்காக கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டு விட்டன. பழைய மண்டபத்துக்கு அது நல்லதுதான். ஆனால் போகிற வழியில் புத்தகம் கண்ணில் படுகிற ஒரு இடம் குறைந்து போனது.

இந்த இரண்டு உதாரணமும் சொல்வது ஒன்றுதான். விலை கட்டுப்படியானால், புரிகிற தமிழில் இருந்தால், நடக்கிற வழியில் கிடைத்தால் ஜனம் வாங்கும், படிக்கும்.

பிரமாண்ட நூலகம்... பிரமாதம்தான்!

மதுரைக்குக் கிடைத்த பெரிய பரிசு கலைஞர் நூற்றாண்டு நூலகம். நத்தம் ரோட்டில் 2 லட்சம் சதுர அடிக்கு மேல் கட்டப்பட்ட கட்டிடத்தை 2023 ஜூலை 15-ந் தேதி, காமராஜர் பிறந்த நாளில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். குழந்தைகளுக்குத் தனிப்பகுதி, கண் பார்வையற்றவர்களுக்குத் தனிப்பகுதி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனிப்பகுதி என்று வசதிகள் ஏராளம்.

இதனால் அதிகம் லாபம் அடைவது உழைக்கிற வீட்டுப் பிள்ளைகள்தான். குரூப்-4 தேர்வு எழுத பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் போதும். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடியாத பையனுக்கும் பொண்ணுக்கும் மின்விசிறியும் வெளிச்சமும் அமைதியும் உள்ள ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமா? ஒரே அறையில் டி.வி., அடுப்பு, தூளி எல்லாம் இருக்கிற வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பது?

ஆனால் அவனியாபுரத்திலும் திருநகரிலும் இருக்கிறவர் நத்தம் ரோட்டுக்குப் போய் வர ரெண்டு பஸ் பிடிக்க வேண்டும். வேலை முடிந்து குளித்து விட்டு நத்தம் ரோட்டுக்குப் போகலாம் என்றால் நடக்கிற காரியமா? அவருக்கு வேண்டியது தெருக்கோடியில் இருக்கிற கிளை நூலகம். பெரிய நூலகத்துக்குக் கிடைத்த கவனிப்பில் கால்வாசியாவது இந்தச் சின்ன நூலகங்களுக்கு உண்டா? பல ஊர்களில் கிளை நூலகம் என்றால் ஒழுகுகிற ஓடு, ஒற்றை டியூப்லைட், ஒற்றை ஆள். இதுதான் நிலைமை.

உங்கள் காசு... உங்கள் நூலகம்!

வாசகர்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். நூலகம் நடப்பது ஜனங்களின் காசில்தான்!

இந்தியா சுதந்திரம் அடைந்த மறு வருஷமே, 1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டு வந்தது. அப்போது கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். சட்டத்துக்குப் பின்னால் இருந்து உழைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். நாட்டிலேயே நூலகத்துக்காக ஒரு மாநிலம் இப்படி வரி போட்டது முன்னோடியான காரியம் என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்கு இதுதான். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. வீட்டுக்கு வருஷத்துக்கு 2 ஆயிரம் ரூபாய் சொத்து வரி என்றால் நூலகத்துக்கு 200 ரூபாய். சொத்து வரி ஏறினால் இதுவும் கூடவே ஏறும். 2022-ல் சொத்து வரியை உயர்த்தினார்களே, அப்போது நூலகத்தின் பங்கும் ஏறியது.

"நமக்கு ஏது சொந்த வீடு? வாடகை வீடுதானே" என்று நினைக்கலாம். வீட்டுக்காரர் வரியைத் தன் கையில் இருந்தா கட்டுகிறார்? வாடகையில் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஆக, வாடகை கொடுக்கிற ஒவ்வொருவரும் நூலகத்துக்குக் காசு கொடுத்தவர்தான். கொடுத்த காசுக்கு ஒரு புத்தகம்கூட எடுக்காமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு?

இந்த வரியை வசூலிப்பது மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி. வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். ஆனால் வசூலித்த பணத்தை ஒழுங்காகக் கொடுக்காமல் பாக்கி வைக்கிறார்கள் என்ற புகார் தமிழகத்தில் பல உள்ளாட்சி அமைப்புகள் மீது பல வருஷமாக இருக்கிறது. ஜனங்கள் ஒரு தடவை கரண்ட் பில் கட்டாவிட்டால் பியூசைப் பிடுங்குகிறார்கள். ஜனங்கள் கட்டிய நூலக வரி பாக்கி என்றால் யார் கேட்பது?

பூட்டுகிற நேரத்தில் வேலை விட்டால்?

விலை ஒரு பூட்டு என்றால் நேரம் இன்னொரு பூட்டு. கிளை நூலகங்கள் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். இரவு 8 மணிக்குள் பூட்டி விடுவார்கள். கட்டிட வேலை முடிந்து சைட்டில் இருந்து வீடு வந்து சேர மணி 7. ஜவுளிக்கடைப் பெண்கள் வெளியே வர மணி 9 தாண்டும். யாருக்காக இந்த நேரம்?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வாராந்திர விடுமுறை வெள்ளிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும்! இது தெரியாமலே "லீவு நாள்ல லைப்ரரி ஏது?" என்று இருந்து விடுகிறவர்கள் பலர். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உறுப்பினர் ஆகக் கட்டும் தொகை ஒரு சினிமா டிக்கெட் அளவுக்குக்கூட வராது.

அதே முகம்... அதே சால்வை!

மதுரையில் சனி, ஞாயிறு மாலை என்றால் எங்காவது ஒரு இலக்கியக் கூட்டம் இருக்கும். நூல் வெளியீடு, விமர்சனக் கூட்டம், கவியரங்கம், நூலகத்தில் வாசகர் வட்டம். நல்ல காரியம். ஆனால் போய்ப் பார்த்தால் 40 நாற்காலி, 30 பேர். பெரும்பாலும் அதே முகங்கள். ஆசிரியர், பேராசிரியர், ரிட்டையர்டு அதிகாரி, எழுத்தாளர். ஒருவருக்கொருவர் சால்வை, ஒருவருக்கொருவர் பாராட்டு. பேச்சும் அவர்களுக்கே புரிகிற பேச்சு.

இத்தனைக்கும் மதுரை எழுத்தாளர்கள் எழுதியது யாரைப் பற்றி? ஜி.நாகராஜன் எழுதியது இதே ஊரின் சந்துபொந்துகளில் கிடந்த, யாரும் கண்டுகொள்ளாத மனிதர்களை. சு.வெங்கடேசன் எழுதிய காவல் கோட்டம் மதுரையின் பல நூற்றாண்டுக் கதை. 2011-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. அதில் இருந்து எடுத்த கதைதான் 2012-ல் வந்த அரவான் படம். தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்த எத்தனை பேருக்கு அது நம்ம ஊர் நாவல் என்று தெரியும்? அவர்களிடம் போய் யாரும் சொல்லவில்லை. அதுதான் குறை.

பக்கத்துக் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. புழங்கிய பானையில் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரிந்த ஜனம் 2 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வைகைக் கரையில் வாழ்ந்தது. அப்படிப்பட்ட ஊரில் எழுத்து ஒரு 30 பேர் சொத்தாகச் சுருங்கலாமா?

ஜெயிலுக்குப் போனது... மார்க்கெட்டுக்கு?

மனது வைத்தால் முடியும் என்பதற்கும் மதுரையிலேயே உதாரணம் உண்டு. மதுரை மத்திய சிறையில் கைதிகளுக்காக நூலகத்தை விரிவாக்க பொதுமக்களிடம் புத்தகம் திரட்டினார்கள். 2022 டிசம்பரில் நடிகர் விஜய் சேதுபதி ஆயிரம் புத்தகங்கள் கொடுத்தார். அதன் பிறகு புத்தகக் கண்காட்சிகளில் "கூண்டுக்குள் வானம்" என்ற பெயரில் சிறைக்குப் புத்தகம் தானம் வாங்க அரங்கே வைத்தார்கள். உயரமான மதில், இரும்புக் கதவு எல்லாவற்றையும் தாண்டி புத்தகம் உள்ளே போனது.

சிறைக்குள் போக முடிந்த புத்தகம் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகாதா? பரவை காய்கறி மார்க்கெட்டில் லாரி வருகிற வரை காத்திருக்கிற தொழிலாளிகளுக்கு நேரம் இல்லையா? ஆரப்பாளையம் பஸ் நிலையத்திலும், ஆட்டோ ஸ்டாண்டிலும் ஒரு அலமாரி வைக்க எத்தனை கோடி வேண்டும்?

1931-லேயே மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். நூலகத்தைத் தேடி ஜனம் வரவில்லையா, ஜனத்தைத் தேடி நூலகம் போகட்டும் என்பதுதான் யோசனை. அந்தக் காலத்தில் மாட்டு வண்டியில் முடிந்தது. இன்று ஒரு மினி வேனில் முடியாதா?

என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை அல்ல.

* வாரத்தில் இரண்டு நாளாவது கிளை நூலகத்தை இரவு 9.30 வரை திறக்கலாம். அதற்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட வேண்டும்.

* நூலக வரி எவ்வளவு வசூல், எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பாக்கி என்று வருஷா வருஷம் வார்டு அலுவலகத்தில் எழுதி ஒட்டலாம்.

* புத்தகத் திருவிழாவில் பழைய புத்தகத்துக்கு நாலு அரங்கு ஒதுக்கலாம். 20 ரூபாய், 30 ரூபாய்க்குக் கிடைத்தால் வைத்து விட்டு நகர்கிறவர் கையிலும் ஒரு புத்தகம் ஏறும்.

* தமுக்கத்தில் ஏதாவது ஒரு நாள் மாலை, மேடையில் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பதில் ஒரு கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டலாம். டீக்கடையில் பேப்பர் படித்த மாதிரி. படிக்கத் தெரியாதவரும் கேட்பார்.

* இலக்கியக் கூட்டத்தை மாதம் ஒரு முறை ஏ.சி. ஹாலை விட்டு செல்லூரிலும் வில்லாபுரத்திலும் தெருவில் நடத்தலாம்.

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக் கொண்டு பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். பெயர் பதிந்து ஒரு கார்டு வாங்குங்கள். உள்ளே போகத் தயங்க வேண்டாம். லுங்கி கட்டிப் போனாலும், வேலைச் சட்டையோடு போனாலும் யாரும் தடுக்க முடியாது. நூலகம் பூட்டியிருந்தால் ஏன் பூட்டியிருக்கிறது என்று உங்கள் கவுன்சிலரைக் கேளுங்கள். தண்ணீர் வராவிட்டால் கேட்கிறோமே, அதே மாதிரி கேளுங்கள்.

உங்கள் வாடகையில் ஒவ்வொரு மாதமும் அந்த நூலகத்துக்கான காசு போய்க்கொண்டே இருக்கிறது.